பழைய மேசைக்கு ஒரு மறுவாழ்வு

உங்கள் இல்லத்துப் பிள்ளைகள் எங்கே அமர்ந்து பாடம் எழுதுகின்றார்கள் என்பதை ஏதேனும் ஒரு மாலை வேளையில் சற்று நின்று கவனித்ததுண்டா? கட்டிலின் ஓரத்தில் ஒரு பிள்ளை, அடுக்களை வாயிற்படியில் மற்றொன்று, கூடத்துப் பாயில் குப்புறப் படுத்தவாறு இன்னொன்று. நம்மில் பலருடைய வீடுகளில் இதுவே வழக்கம். எங்கள் வீட்டிலும் அவ்வாறே இருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் மூத்த மகள் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தபோதுதான் அதனை ஒரு குறையாக நான் உணர்ந்தேன். விலங்கியல் பாடத்திற்குப் படம் வரைவதற்காக அவள் இரவு பத்து மணி வரை கட்டிலின்மேல் குனிந்து கிடப்பாள். காலையில் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே எழுவாள். மேசை வேண்டும் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டவள் என் துணைவி.

கடைவீதிக்குச் சென்று விசாரித்தேன். மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் வழுவழுப்பான தாள் ஒட்டிய மேசை 5,500 ரூபாய். மாதத் தவணையிலும் பெறலாம் என்றார் கடைக்காரர். தவணையோடு வட்டியும் இருந்தது. ஆகவே அந்த வழி எங்களுக்கு அடைபட்டது. மொத்தமாகக் கொடுக்கவோ கையில் பணம் இல்லை. மதரஸா ஆசிரியர் ஒருவரின் ஊதியம் எத்தகையது என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை.

அந்த நிலையில்தான் பழைய மேசை ஒன்றை வாங்கி நாமே செப்பனிட்டால் என்ன என்னும் எண்ணம் எழுந்தது. நான் கலைக் கல்லூரியில் வரலாறு படித்தவன். உளி பிடித்து அறியாதவன். அந்த முயற்சியில் நான் செய்த பிழைகளையும் சேர்த்தே இங்கு எழுதுகின்றேன். உங்களில் எவரேனும் இதே வேலையில் இறங்கினால், அப்பிழைகளையாவது மறுமுறை செய்யாதிருக்கலாம் அல்லவா?

'பர்மா தேக்கு' என்றொரு சொல்

எங்கள் ஊரிலிருந்து காரைக்குடி பேருந்தில் ஒன்றரை மணி நேரப் பயணம். அங்கே முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் சென்றால் செட்டிநாட்டு மாளிகைகளிலிருந்து வந்த கதவுகளும் தூண்களும் பெட்டிகளும் வரிசையாக நிற்கும். அவையெல்லாம் வெளிநாட்டுப் பயணிகளுக்கும் நட்சத்திர விடுதிகளுக்கும் உரிய விலையில் உள்ளவை. நமக்கு அங்கே பார்வை மட்டுமே. நான் தேடிச் சென்றது ஊரின் ஒதுக்குப்புறத்தில் இருந்த சாதாரணப் பழைய சாமான் கடை ஒன்றினை. பச்சை வண்ணம் பூசிய, நான்கடி நீளமும் இரண்டடி அகலமும் கொண்ட, ஒற்றை இழுப்பறையுள்ள மேசை ஒன்று அங்கே கவிழ்ந்து கிடந்தது. கடைக்காரர் 2,500 கேட்டார். 1,800-க்கு முடிந்தது. "பர்மா தேக்கு பாய், இன்னும் நூறு வருஷம் நிற்கும்" என்றார்.

இந்தப் பர்மா தேக்கைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். தேக்கு என்பது தமிழும் மலையாளமும் பகிர்ந்துகொள்ளும் சொல். அதுவே போர்ச்சுகீசியர் வாயில் 'டேக்கா' ஆகி, பின்பு ஆங்கிலத்தில் 'டீக்' ஆயிற்று. மலபாரில் கலெக்டராக இருந்த கானலி 1840-களில் நிலம்பூரில் வளர்த்த தேக்குத் தோட்டத்தின் ஒரு பகுதியை இன்றும் சென்று காணலாம். பர்மாவிலோ காடு காடாகத் தேக்கு நின்றது. வணிகத்திற்காக அங்கே கப்பலேறிய செட்டியார்களும், நம் கடற்கரை ஊர்களிலிருந்து இரங்கூனுக்குச் சென்ற முஸ்லிம் குடும்பங்களும் பர்மாத் தேக்கைத் தம் ஊர்களுக்குக் கொணர்ந்தார்கள். 1942-இல் ஜப்பானியர் படையெடுத்து வந்தபோது அந்த வாழ்வு குலைந்தது. உயிர் பிழைக்க நடந்தே வந்தவர்களின் கதைகளை உங்கள் குடும்பத்து முதியோரிடம் நீங்களும் கேட்டிருக்கலாம். மியன்மர் அரசு 2014 ஏப்ரலிலிருந்து உருட்டு மரமாக ஏற்றுமதி செய்வதையே தடை செய்துவிட்டது. ஆயினும் பழைய சாமான் கடைகளில் மட்டும் பர்மா தேக்கு குறைவதே இல்லை!

எங்கள் மேசையின் உண்மை பின்னர்தான் தெரிந்தது. நான்கு கால்களும் முன்சட்டமும் தேக்கு. மேற்பலகை பலா. பின்சட்டம் இன்னதென்று சொல்ல இயலாத ஏதோ ஒரு வெளிறிய மரம். இழுப்பறையின் அடிப்பலகை பிற்காலத்தில் யாரோ செருகிய ஒட்டுப்பலகை. அதுவும் பாதி நீளத்திற்கே. அதன் பின்னால் பழைய பலகையின் மீதி அப்படியே இருந்தது. பழைய மரச் சாமான்களில் இத்தகைய கலப்பு மிகவும் இயல்பானது. இதனை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். கிடைத்த மரத்தைக் கொண்டு வேலையை முடித்த ஒரு தச்சரின் சிக்கனம் அது. ஆனால் தேக்கின் விலையை அதற்குக் கொடுக்க வேண்டியதில்லை.

வாங்குமுன் மேசையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். மேற்புறத்தை வண்ணமும் மெருகும் மறைத்துவிடும், அடிப்புறம் மறைக்காது. ஒரு மூலையைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சிறிது சுரண்டினால், தேக்காயின் பதப்படுத்திய தோலை நினைவூட்டும் எண்ணெய் மணம் எழும். சட்டமும் காலும் சேரும் இடத்தைக் கையால் அசைத்துப் பாருங்கள். பொருத்து தளர்ந்திருந்தால் அஞ்ச வேண்டாம், அது சரிசெய்யக் கூடியதே. கால் பாதங்களில் பேனாக் கத்தியின் முனை வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் மட்டும் விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

மூன்று அங்குல ஆணிகள்

மேசை வீடு வந்த அன்றிரவே நான் செய்த காரியத்தை எழுதுவதற்கு இன்றும் கூசுகின்றது. மேசை ஆடியது. ஆடும் பொருளை ஆணியடித்து நிறுத்துவதுதானே உலக வழக்கம்! மூன்று அங்குல ஆணிகளாக எட்டு வாங்கிவந்து ஒவ்வொரு காலிலும் இரண்டிரண்டாக அறைந்தேன். மேசை மலைபோல் நின்றது. மகள் அன்றே புத்தகங்களைக் கொண்டுவந்து அடுக்கினாள். மூன்றாம் நாள் இரவு, அவள் எழுதிக்கொண்டிருக்கும்போதே முன்சட்டம் நீளவாக்கில் 'படீர்' என்று பிளந்தது. மைக்கூடு அவள் படநோட்டின்மேல் கவிழ்ந்தது. மூன்று வாரமாக அவள் வரைந்த படங்கள் அந்த நோட்டில் இருந்தன. அவள் ஒரு சொல்லும் சொல்லாமல் நோட்டை வெயிலில் காயவைக்க எடுத்துச் சென்றாள். "பரவாயில்லை அத்தா" என்று அவள் சொன்னது மறுநாள்தான்.

எங்கள் தெருவின் கடைசி வீட்டில் வயது முதிர்ந்த ஆசாரி ஒருவர் இருக்கின்றார். கண்பார்வை மங்கியதால் வேலையை விட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அவரை அழைத்து வந்தேன். மேசையைச் சுற்றி ஒருமுறை விரலால் தடவி வந்தவர், "ஆணி அடித்தது யார்?" என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. "குறடு இருக்கிறதா, அஜ்ரத்?" என்று மட்டும் கேட்டார்.

ஆணி ஏன் கூடாது என்பதை அவர் எனக்கு விளக்கிய விதம் இது. பழைய மேசையின் சட்டத்து முனை நாக்குப்போல் செதுக்கப்பட்டு, காலில் வெட்டிய துளைக்குள் சென்று அமர்ந்திருக்கும். சட்டத்தின் வலிமை முழுவதும் அந்த நாக்கில்தான் உள்ளது. ஆணி அந்த நாக்கின் நார்களை ஆப்புப்போல் பிரித்துவிடும். மழைக்காலத்து ஈரத்தில் இரும்பு துருவேறிப் பருக்கும். பருத்துச் சுற்றியுள்ள மரத்தை மேலும் நெருக்கும். ஆட்டத்திற்குக் காரணமோ வேறு. பல ஆண்டுகளில் பசை உலர்ந்து பொடியாகிவிட்டது. நாக்கும் காய்ந்து சுருங்கித் துளைக்குள் இடைவெளி விழுந்துவிட்டது. பசை போன இடத்தில் பசையைத்தான் வைக்க வேண்டும்.

ஆகவே முதல் வேலை, மேசையை முற்றிலும் பிரித்தல். இதனைக் கேட்டதும் எனக்கு நடுக்கமாகவே இருந்தது. பிரிக்குமுன் ஒவ்வொரு பொருத்திலும் இரு பக்கமும் ஒரே எழுத்தைப் பென்சிலால் எழுதுங்கள். நான் அலிஃப், பே, தே என்று எழுதினேன். எந்தக் கால் எந்தச் சட்டத்திற்கு உரியது என்பது பின்னர் தெரியாவிட்டால், கையால் வெட்டிய பொருத்துகள் ஒன்றுக்கொன்று பொருந்தவே பொருந்தா. ஆணிகளைக் குறடால் பிடுங்கியபின், சுத்தியல் நேரே மரத்தில் படாதவாறு இடையே ஒரு கட்டையை வைத்து மெல்லத் தட்டினால் பொருத்து கழன்றுவரும். கழல மறுத்தால் வெந்நீரில் நனைத்த துணியை அப்பொருத்தின்மேல் சிறிது நேரம் சுற்றிவையுங்கள். அக்காலத்து மேசைகளில் இருப்பது பெரும்பாலும் விலங்குத் தோலிலும் எலும்பிலும் இருந்து காய்ச்சிய வஜ்ஜிரம். சூடும் ஈரமும் பட்டால் அது இளகிவிடும். ஃபெவிகால் 1959-இல்தான் நம் நாட்டில் அறிமுகமாயிற்று. அதற்கு முன்னரெல்லாம் தச்சுப்பட்டறை என்றால் அடுப்பும், அதன்மேல் நாற்றமடிக்கும் வஜ்ஜிரப் பானையுமே.

கழன்ற நாக்குகளில் ஒட்டியிருக்கும் பழைய பசையை உளிமுனையால் சுரண்டியெடுக்க வேண்டும். புதுப் பசை மரத்தில் ஒட்டுமேயன்றிப் பழைய பசையின்மேல் ஒட்டாது. அவசரப்படும் நம்மவர்கள் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இந்தச் சுரண்டும் வேலை மட்டுமே எனக்கு நான்கு மாலைப் பொழுதுகளை எடுத்துக்கொண்டது. தேக்காக இருந்தால் இன்னொரு காரியமும் உண்டு. அதன் இயற்கை எண்ணெய் பசையைப் பிடிக்கவிடாது. எனவே பசை பூசுமுன் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் நாக்கைத் துடைத்து, உலர்ந்தவுடன் பூச வேண்டும்.

துளைக்குள் தளர்வாக அசையும் நாக்கை என்ன செய்வது? மரத்தூளையும் பசையையும் பிசைந்து துளையில் அடைப்பது நான் பல இடங்களில் கண்ட வழக்கம். அது பார்வைக்கு நிறைவாக இருக்கும்; பாரம் தாங்காது. ஆசாரி, இழைப்புளியால் ஒரு தேக்குத் துண்டிலிருந்து தாள்போல் மெல்லிய சீவல்களை எடுத்தார். நார் ஓட்டம் ஒரே திசையில் அமையுமாறு அவற்றை நாக்கின் இருபுறமும் ஒட்டச் செய்தார். அவை காய்ந்தபின் கையால் அழுத்தினால் உள்ளே செல்லும் அளவிற்கு உப்புத்தாளால் தேய்த்தேன். சுத்தியலால் அடித்தால்தான் நுழையும் என்றால் மிகை. தானே விழுந்தால் குறை. என்னால் பிளந்துபோன முன்சட்டத்தின் வெடிப்பிலும் மெல்லிய தகட்டால் பசையைச் செலுத்தி இறுக்கிக் கட்டினோம். அந்தத் தழும்பு இன்றும் தெரிகின்றது.

இறுக்குவதற்குப் பட்டறைகளில் இரும்புப் பிடிகள் உண்டு. நம் வீட்டில் கொடிக்கயிறு உண்டு. பசை பூசிப் பொருத்திய மேசைச் சட்டகத்தைச் சுற்றிக் கயிற்றை இரு சுற்றாகக் கட்டி, இடையில் ஒரு குச்சியைச் செருகித் திருகிக்கொண்டே வந்தால் பொருத்துகள் தாமாக நெருங்கும். மூலைகளில் கயிறு பதியாதிருக்கத் தடித்த அட்டையை மடித்து வையுங்கள். உடனே ஒரு நூலை எடுத்துச் சட்டகத்தின் எதிரெதிர் மூலைகளைக் குறுக்காக அளந்து பாருங்கள். இரண்டு அளவுகளும் ஒன்றாக இருந்தால் சட்டகம் நேராக உள்ளது. வேறுபட்டால், நீளமான குறுக்கை நெருக்கித் தள்ளுங்கள். இதனை நான் ஒரு விரற்கடை அளவு தவறவிட்டிருந்தால் இழுப்பறை என்றைக்கும் நேரே சென்றிருக்காது. ஒரு முழு நாள் அசைக்காது விட வேண்டும். எங்கள் கடைக்குட்டிக்கு அப்போது வயது ஐந்து. அந்த ஒரு நாள் அவனை மேசையின் பக்கம் அணுகவிடாது காப்பதுதான் என் துணைவிக்கு வாய்த்த பங்கு.

மறுநாள் ஆசாரி, காலின் வெளிப்புறத்திலிருந்து நாக்கினூடே துளையிட்டு, முற்றிய மூங்கிலைச் சீவிச் செய்த ஆணியை இறக்கினார். மூங்கில் துருப்பிடிக்காது, மரத்தோடு ஒத்துப்போகும். இரும்பைப்போல் நாரைக் கிழிப்பதும் இல்லை, துளையை முதலில் இட்டுவிடுகின்றோம் அல்லவா? அந்த அரைநாள் வேலைக்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்தபோது, வேண்டாம் என்று இருமுறை மறுத்து மூன்றாம் முறை பெற்றுக்கொண்டார்.

அந்தப் பச்சைத் தூள்

இனி நான் சொல்லப்போவதைச் சிறு பிள்ளைகள் உள்ள வீட்டினர் சற்று நிதானமாகப் படிக்க வேண்டுகின்றேன்.

சட்டகம் காய்ந்துகொண்டிருந்த நாளில், வெறுமனே இருப்பானேன் என்று மேற்பலகையை முற்றத்தில் சாய்த்து, பச்சை வண்ணத்தை உப்புத்தாளால் தேய்க்கலானேன். வண்ணம் மாவுபோல் உதிர்ந்தது. தரையெங்கும் இளம்பச்சை. சிறியவன் அருகில் உட்கார்ந்து அந்தத் தூளில் விரலால் கோடு கிழித்து விளையாடிக்கொண்டிருந்தான். அவ்வேளையில் என்னிடம் முன்பு ஓதிய மாணவர் ஒருவர் ஸலாம் சொல்லி உள்ளே வந்தார். வேதியியல் படித்து இப்போது ஆய்வுக்கூடம் ஒன்றில் பணியாற்றுபவர். தூளைக் கண்டதும் அவர் முகம் மாறியது. என்னிடம் நலம் விசாரிக்குமுன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய்க் கைகால் கழுவிவிட்டார்.

பழைய எண்ணெய் வண்ணங்களில், குறிப்பாகப் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களில், ஈயச் சேர்மங்கள் கலக்கப்படுவது நெடுநாள் வழக்கமாக இருந்தது. நம் நாட்டில் வீட்டு உபயோக வண்ணங்களில் ஈயம் பத்து இலட்சம் பங்கிற்குத் தொண்ணூறு பங்கை மிகக் கூடாது என்ற விதி வந்தது 2016-இல்தான். அது 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய காலத்து மேசையின் வண்ணத்தில் என்ன இருக்கின்றது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது. சோதித்தறிய வாய்ப்பில்லாதபோது ஈயம் இருப்பதாகவே கொண்டு நடப்பது பாதுகாப்பானது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத் தாக்குகின்றது. இந்த அளவுவரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே அறியப்படவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. ஒரே அளவு ஈயம் வயிற்றுக்குள் சென்றால் பெரியவர்களைக் காட்டிலும் குழந்தைகளின் உடல் நான்கைந்து மடங்கு ஈர்த்துக்கொள்கின்றது. தரையில் தவழும், விரலைச் சூப்பும் வயதினருக்கு இதனால்தான் ஆபத்து மிகுதி.

அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. பிள்ளையின் கல்விக்கென்று வாங்கிய பொருளால் இன்னொரு பிள்ளையின் அறிவுக்கே கேடு வந்துவிடுமோ என்ற அச்சம் நெஞ்சை அழுத்தியது. மாணவர் ஏற்பாட்டில் சிறியவனுக்கு இரத்தப் பரிசோதனை செய்வித்தோம். கவலைப்படும்படி ஒன்றும் இல்லை என்று மருத்துவர் சொன்னபின்னரே, அல்ஹம்துலில்லாஹ், மூச்சு வந்தது.

அதன்பின் செய்த முறை இது. உலர்ந்த உப்புத்தாளை விட்டொழித்தோம். நீரில் நனைத்துத் தேய்க்கும் கறுப்புத் தாளைப் பயன்படுத்தினோம். நனைந்த வண்ணம் தூளாகப் பறக்காது, சேறாக வழியும். கீழே பிளாஸ்டிக் விரிப்பு. வேலை முடிந்ததும் சேற்றோடு சுருட்டிக் கட்டி அப்புறப்படுத்தல். தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தல். மூக்கில் நல்ல முகக்கவசம். வேலைக்கு உடுத்திய கைலியையும் சட்டையையும் மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனியே துவைத்தல். பிள்ளைகளும் கருவுற்ற பெண்களும் அந்தப் பக்கமே வரலாகாது. தீயால் வாட்டி வண்ணத்தைச் சுரண்டும் வழக்கம் சில பட்டறைகளில் உண்டு. ஈயப் புகையை மூச்சில் இழுப்பதற்கு அதைவிட நேரான வழி வேறில்லை.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தபின் கால்களிலும் சட்டங்களிலும் இருந்த வண்ணத்தைச் சுரண்டுவதையே கைவிட்டேன். உரியாது உறுதியாக ஒட்டியிருக்கும் வண்ணத்தின்மேல் புது வண்ணம் பூசி மூடிவிடுவதே அங்கே அறிவுடைமை. கையும் முழங்கையும் உராயும் மேற்பலகையை மட்டும் முழுதும் நீக்கினோம். மேசையின் கால்கள் இன்றும் பச்சைதான்.

வெடிப்பும் புழுவும்

வண்ணம் நீங்கியதும் பலாப்பலகையின் பொன்னிறம் கலந்த பழுப்பு வெளிப்பட்டது. கூடவே நீண்ட வெடிப்பு ஒன்றும். உடனே மக்கு வைத்து அடைக்கப் புறப்பட்ட என்னை ஆசாரி தடுத்தார். அது வைகாசி மாதம். வெயில் காலத்து வெடிப்பில் இறுகும் பொருளை அடைத்தால், ஐப்பசி மழையில் பலகை விரியும்போது போக்கிடம் இல்லாமல் வேறிடத்தில் வெடிக்கும் என்றார்.

மரம் வெட்டப்பட்டுப் பல்லாண்டு கடந்தாலும் காற்றின் ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கின்றது. நார் ஓடும் நீளவாக்கில் அது நீள்வதும் குறுகுவதும் இல்லை என்றே சொல்லலாம். குறுக்குவாக்கிலோ, இரண்டடி அகலப் பலகை கோடைக்கும் மழைக்கும் இடையே நான்கைந்து மில்லிமீட்டர்கூட வேறுபடும். எங்கள் மேசையில் முன்பு யாரோ மேற்பலகையைச் சட்டத்தோடு சுற்றிலும் ஆணியடித்திருந்தார்கள். கோடையில் சுருங்க முயன்ற பலகையை ஆணிகள் விடவில்லை. பலகை நடுவில் வெடித்துக்கொண்டது. அதாவது எனக்கு முன்னரும் இந்த மேசைக்கு ஆணியடித்த ஒருவர் இருந்திருக்கின்றார் என்பதில் எனக்கொரு சிறு ஆறுதல்.

பரிகாரம் எளியது. கட்டைவிரல் அளவு சிறு மரத்துண்டுகள் எட்டு. ஒவ்வொன்றின் ஒரு முனை படிபோல் வெட்டப்பட்டுச் சட்டத்தின் உட்புறப் பள்ளத்தில் நுழைந்து நிற்கும். மறுபகுதி திருகாணியால் மேற்பலகையின் அடியில் பிணைக்கப்படும். பலகை கீழே இறுகப் பிடிக்கப்பட்டிருக்கும். ஆனால் அகலவாக்கில் நகர்வதற்கு இடம் இருக்கும். திருகாணி பலகையைத் துளைத்து மேலே வந்துவிடாத நீளமுடையதா என்பதை முதலில் அளந்துகொள்ளுங்கள். பலகைகள் மூன்றையும் விளிம்பு சீவிப் புதிதாக ஒட்டியதில் வெடிப்பும் மறைந்தது.

பின்சட்டத்தின் வெளிறிய மரத்தில் குண்டூசித் தலையளவு துளைகள் பல இருந்தன. தட்டினால் முகப்பவுடர்போல் மென்மையான தூள் கொட்டியது. இது கரையான் அன்று. கரையான் மண்பாதை கட்டிக்கொண்டு வரும். இது மரத்தின் வெளிப்பகுதியான வெள்ளையில் உள்ள மாவுச்சத்தை உண்டு வளரும் சிறு வண்டின் புழு. தேக்கின் வயிரப்பகுதியை அது சீண்டுவதில்லை. ரப்பர் மரத்திலும் மாமரத்திலும் மிகவும் விரும்பிக் குடியேறும். வெண்காரம் மூன்று பங்கு, போரிக் அமிலம் இரண்டு பங்கு எடுத்து வெந்நீரில் கரைத்து, வண்ணம் நீக்கிய வெற்று மரத்தில் இருமுறை பூசினோம். வண்ணத்தின்மேல் பூசினால் உள்ளே இறங்காது. கையுறை அணிந்துகொள்ளுங்கள்; மீதியைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஏற்கெனவே ஆழத்தில் உள்ள புழு உடனே மடிந்துவிடும் என்று எண்ண வேண்டாம். மேசையின் அடியில் கறுப்புத்தாள் ஒன்றை விரித்துவைத்து, புதுத்தூள் விழுகின்றதா என்று ஓராண்டு கவனித்தோம். முதல் இரண்டு மாதம் சிறிது விழுந்தது. பிறகு இல்லை.

மெருகேற்றும் விஷயத்தில் எனக்கும் ஆசாரிக்கும் கருத்து வேறுபாடு. அவருக்குப் பிரெஞ்சு பாலிஷ்தான் மெருகு. அரக்கைச் ஸ்பிரிட்டில் கரைத்துப் பஞ்சுப்பொதியால் பல நாள் தேய்த்து ஏற்றுவது அது. அரக்கு நம் நாட்டுச் செல்வம். பலாசு போன்ற மரங்களில் வாழும் சிறு பூச்சி சுரப்பது. அதனை ஆராய்வதற்கென்றே ராஞ்சியை அடுத்த நாம்கும் என்னுமிடத்தில் 1924-இலேயே நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. அதன் அழகை நான் மறுக்கவில்லை. ஆயின் சூடான தேநீர்க் குவளையை வைத்தால் வெள்ளை வளையம் விழும். தேநீரில்லாது இரவு படிக்கும் பிள்ளை உண்டா? நான் வார்னிஷ் இருமுறை பூசினேன். ஆசாரிக்கு அதில் இன்றளவும் வருத்தமே. ஆளிவிதை எண்ணெய் பூச விரும்புவோருக்கு ஓர் எச்சரிக்கை. எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பற்றக் கூடியது. நீரில் நனைத்தோ, விரித்து வெளியில் உலர்த்தியோ அப்புறப்படுத்துங்கள்.

இறுதியில், மேசை எங்கள் கூடத்தில் நின்றபோது ஒரு கால் தரையைத் தொடவில்லை. நீளமான கால்களை அறுத்துச் சமன் செய்யலாமா என்று கேட்டேன். அவ்வாறு ஒவ்வொரு காலாக அறுத்து மேசையை மணையாக்கியவர்களைத் தமக்குத் தெரியும் என்றார் ஆசாரி. மேசையை அவ்விடத்திலிருந்து கால்வட்டம் திருப்பி வைத்தோம். நான்கு கால்களும் படிந்தன. கோணல் எங்கள் வீட்டுத் தரையில்தான் இருந்திருக்கின்றது.

வண்டிக் கூலி 400, பசை, தாள், வார்னிஷ், வெண்காரம் முதலிய சில்லறைகள் 640, ஆசாரிக்கு 500, மேசை விலை 1,800. ஆக 3,340 ரூபாயும் ஐந்து வார மாலைப்பொழுதுகளும்.

ஒன்றை இடையில் சொல்ல மறந்தேன். இழுப்பறையைத் துப்புரவு செய்தபோது, அடியில் மிஞ்சியிருந்த பழைய பலகையின் வண்ணம் படாத மறுபுறத்தில் பென்சிலால் எழுதிய பால் கணக்கு ஒன்று காணப்பட்டது. யாரோ ஒருவரின் அழகிய கையெழுத்தில் நாள்வாரியாக உழக்கு அளவுகள். நடுவில் இரண்டு நாளுக்கு மட்டும் 'ஊரில் இல்லை'. தேய்க்கப்போன என் கையை மகள் பிடித்துக்கொண்டாள். ஒட்டுப்பலகையை மாற்றியபோதும் அந்தத் துண்டை மட்டும் அப்படியே விட்டுவிட்டோம்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்ததும் அந்த இழுப்பறை இறுகிக்கொண்டது. நான் இழைப்புளியைத் தேடினேன். "அத்தா, மழைக்காலத்தில் இழைத்தால் வெயில் காலத்தில் தொளதொளத்துவிடும் என்று ஆசாரி தாத்தா சொன்னாரே" என்றாள் மகள். ஓடும் விளிம்புகளில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டு அப்படியே விட்டுவைத்தோம். மாசி மாதத்தில், தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கையில், அது தானாகத் திறந்துகொண்டது.